ஊசி அட்டை: சிலாவத்துறைக் கரையின் ஒரு சிறு வரலாறு

நூற்றாண்டு மலர் ஒன்றிலே அதிபர்கள், ஆசிரியைகள், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள் பற்றிய கட்டுரைகள் நிறைய இடம்பெறும். அவற்றை எழுத நம்மிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து படிக்க வந்த நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சாதாரணமான ஒரு பொருள். பிள்ளையை முதலாம் தரத்திற் சேர்க்கப் போகும் தாய், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு போகும் தடுப்பூசிப் பதிவுதான் அது. அரசாங்கம் அதற்கு நீண்டதொரு பெயர் வைத்திருக்கிறது. வீடுகளில் அது "ஊசி அட்டை" அல்லது "கிளினிக் அட்டை". ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருமுன் என்னென்ன ஊசி போட்டிருக்க வேண்டும், யாருக்கு விலக்கு உண்டு, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விகளெல்லாம் அந்த அட்டைக்குள் அடங்கியிருக்கின்றன. இன்று ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம் சகோதரிகளும் இதே கேள்விகளோடு பாடசாலைப் படிவங்களை நிரப்புகிறார்கள்.

முத்துக்குளிப்பும் அம்மைப்பாலும்

அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று தெற்கே நீளும் நம் கரை ஒரு காலத்தில் உலகம் அறிந்த முத்துக்குளிப்புக் கரை. குளிப்பு நடக்கும் ஆண்டுகளில், ஆளில்லாத மணற்பரப்பில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரை, தூத்துக்குடி, காயல்பட்டினம், மலையாளக் கரை, அரபுக் கரை என்று பல இடங்களிலிருந்தும் சம்மாட்டிகள், குளியாளர்கள், வணிகர்கள் வந்து சேருவார்கள். 1905 இல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இத்தனை சனம் ஒரே இடத்திற் கூடினால் நோயும் கூடவே வரும். வாந்திபேதியும் பெரியம்மையும் ஆட்சியாளருக்கு எப்போதும் இருந்த பயங்கள்.

அரிப்பிலே கடலுக்குள் இடிந்து விழுந்துகொண்டிருக்கும் டொரிக் மாளிகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1801 க்கும் 1804 க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்தது அது. அவருடைய ஆட்சியிலேதான், 1802 இல், பெரியம்மைக்கான தடுப்புப்பால் இலங்கைக்கு வந்தது. எட்வேர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் 1796 இல் செய்துகாட்டிய முறை ஆறே ஆண்டுகளில் நம் கடலைத் தொட்டுவிட்டது. அப்போது குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஒரு பிள்ளையின் கையில் குத்தி, எட்டு நாள் கழித்துக் கொப்புளத்திலிருந்து பாலை எடுத்து, அடுத்த பிள்ளையின் கையில் குத்த வேண்டும். இப்படிக் கைக்குக் கை மாறித்தான் அது கடல் கடந்தது. பம்பாயில் அதை முதலிற் பெற்றவள் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமி. நாள் 1802 ஜூன் 14. இந்தியாவில் அந்தச் சங்கிலி ஒரு பெண் குழந்தையின் கையிலிருந்து தொடங்கியது. இலங்கையில் அப்போது மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கிறிஸ்ரி, பெரியம்மை இத்தீவில் செய்த அழிவையும் புதிய முறையின் வருகையையும் பின்னர் நூலாக எழுதிவைத்தார்.

கட்டாயமும் விலக்கும்

ஆட்சி அறிமுகப்படுத்திய ஊசியைச் சனங்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் பெரியம்மை வெறும் நோயல்ல, "அம்மாள் வருத்தம்". வேப்பிலை கட்டி, வீட்டைத் தூய்மையாக வைத்து, வந்தவளைக் குளிர்வித்து அனுப்புவதே முறை. அம்மாளின் வேலையிலே குறுக்கிடுவதா என்ற தயக்கம் இந்து வீடுகளில் இருந்தது. கையிலிருந்து கைக்கு மாற்றும் பழைய முறையில் யாருடைய உடம்பிலிருந்து எதை எடுத்து யாருக்கு வைக்கிறார்கள் என்ற கேள்வி சாதி, மத பேதமின்றி எல்லோருக்கும் இருந்தது. இந்தத் தயக்கங்களை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டால் வரலாறு விளங்காது. பிள்ளையின் உடம்பில் எது போகிறது என்று தாய் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அந்தக் காலத்தில் வீட்டுக்கு எவரும் வரவில்லை.

பதிலுக்குச் சட்டம் வந்தது. 1886 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கத் தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 1853 இலேயே குழந்தைகளுக்கு அது கட்டாயம். ஆனால் நம் சட்டம் வருவதற்கு ஓராண்டுக்கு முன், 1885 இல், லெஸ்ரர் நகரத்தில் பல்லாயிரம் பேர் அந்தக் கட்டாயத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அதன் விளைவாக 1898 இல் பிரித்தானியச் சட்டத்தில் மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோருக்கு விலக்குக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் போருக்குப் போக மறுத்தவர்களுக்கும் வழங்கிய "மனச்சாட்சி மறுப்பாளர்" என்ற பெயர் ஆங்கிலத்தில் பரவலானது இந்தத் தடுப்பூசித் தகராறிலிருந்துதான். ஆக, எசமானர்களின் நாட்டிலே கட்டாயம் தளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் இங்கே அது இறுகத் தொடங்கியது.

கட்டாயத்தின் இன்னொரு முகத்தை நம் மன்னார்க் கடல் கண்டது. தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த இந்தியத் தொழிலாளர்களை இலங்கை அரசாங்கம் மண்டபம் முகாமில் மறித்து, சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, அதன் பிறகே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேற்றியது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. காசில்லாதவனின் கையில் கேளாமற் குத்துவதும், காசுள்ளவனின் மனச்சாட்சிக்குப் படிவம் கொடுப்பதும் ஒரே பேரரசில் ஒரே காலத்தில் நடந்தன. தடுப்பூசி நல்லதா என்ற கேள்வியோடு அதை எப்படிக் கொடுக்கிறோம் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது.

பள்ளிக்கூட வரிசை

அம்மைத் தழும்பு நம் பாட்டிமாரின் கையில் பெரிய வட்டமாக இருந்தது. அதற்குப் பிந்திய தலைமுறையின் இடது தோளில் இருப்பது காசநோய்க்கான பீ.சீ.ஜீ. தழும்பு, அந்த ஊசி இலங்கைக்கு வந்தது 1949 இல். தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி 1961 இலும், போலியோச் சொட்டு மருந்து 1962 இலும் வந்தன. இவற்றையெல்லாம் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்த விரிவாக்கப்பட்ட நிர்ப்பீடனத் திட்டம் 1978 இல் தொடங்கியது. சின்னமுத்து ஊசி 1984 இல் சேர்ந்தது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980 மே மாதத்தில் அறிவித்தது. 1886 இன் சட்டம் எந்த நோய்க்காக எழுதப்பட்டதோ அந்த நோய் இல்லாமற் போனது.

அதற்குப் பிறகு வந்த ஊசிகளைத் தண்டம் விதித்து யாரும் போடவில்லை. வீடு வீடாக வந்த குடும்ப நல உத்தியோகத்தர்தான் போடுவித்தார். நம்மூரில் அவரை "மிஸ்ஸி" என்றே கூப்பிட்டோம். எந்த வீட்டில் எத்தனையாம் மாதம், யாருடைய பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். அவருக்குத் தெரியாமல் ஊரில் ஒரு பிள்ளை பிறக்க முடியாது. பாடசாலைக்குள் வந்த பிறகு அந்தப் பொறுப்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகருடையது. அவர் வருகிறார் என்றதும் வகுப்பறையில் எழுந்த சலசலப்பு நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வரிசையில் கடைசியாக நிற்கப் போட்டி போடுவோம். முதலிற் போட்டுக்கொண்டு வந்தவள் "ஒண்டும் நோகேல்லையடி" என்று பெரிய ஆள் போலச் சொல்வாள்.

பெண்பிள்ளைகளுக்கென்றே வந்த ஊசிகள் இரண்டு. 1996 இல் றுபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்துக்கான ஊசி 11 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கும் தாய்மை அடையும் வயதிலுள்ள பெண்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த நோய் வந்தவருக்குச் சாதாரணமாகப் போய்விடும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்தாலோ பிறக்கும் பிள்ளையின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் தாக்கும். அடுத்தது 2017 இல் வந்த எச்.பீ.வீ. ஊசி. ஆறாம் தரத்து மாணவிகளுக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காகப் போடுவது. "இந்த வயசிலே இது எதற்கு? பிறகு பிள்ளை பிறக்காமற் போகுமா?" என்ற கேள்விகள் எழாத ஊர் இல்லை. வைரசு உடலில் தொற்றுவதற்கு முன் கொடுத்தால்தான் ஊசி முழுப் பயன் தரும் என்பதாலேயே அந்த வயது. கருவளத்தை அது கெடுப்பதில்லை. இதைச் சொல்லி விளங்கப்படுத்தும் ஒரு ஆசிரியை இருக்கும் வகுப்பில் சம்மதக் கடிதங்கள் கையெழுத்தோடு திரும்பி வருகின்றன.

அட்டை தொலைந்த காலம்

1990 ஒக்ரோபர் கடைசியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 75,000 பேர் என்று கணக்கிடுவார்கள். சிலாவத்துறையும் முசலிப் பிரதேசத்தின் மற்ற முஸ்லிம் ஊர்களும் வெறுமையாகின. கையில் எடுத்துச் செல்லக்கூடியதை மட்டும் கொண்டு, தரைவழியாகவும் கடல்வழியாகவும் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் சிலாவத்துறை இராணுவ முகாமைச் சுற்றிக் கடும் சண்டை நடந்தது. 2007 செப்டெம்பரில் படையினர் சிலாவத்துறையைக் கைப்பற்றியபோது, எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களும் அரிப்புப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தன.

ஓடும்போது தாய்மார் எதை எடுத்தார்கள் என்று நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். தோடு, உறுதி, அடையாள அட்டை, அவற்றோடு பலர் பிள்ளைகளின் ஊசி அட்டையையும் எடுத்திருக்கிறார்கள். எடுக்க முடியாமற் போனவர்கள் புதிய ஊரில் புதிய மிஸ்ஸியின் முன்னால் வெறுங்கையோடு நின்றார்கள். பள்ளிக்கூடம் ஆதாரம் கேட்கும். ஆதாரம் இருந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. "ஊசி போட மறுத்த பெற்றோர்" என்ற பேச்சை வெளிநாடுகளில் கேட்கும்போது நமக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தத் தாய்மார்தான். அவர்கள் மறுக்கவில்லை. போட்டதை நிரூபிக்கத்தான் வழியில்லாமல் நின்றார்கள்.

இதற்கு மருத்துவத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பதிவு இல்லாத பிள்ளையை ஊசி போடாத பிள்ளையாகக் கருதி, வயதுக்கேற்ப மீண்டும் தொடங்குவது. ஏற்கனவே போட்ட பிள்ளைக்கு இன்னொரு தரம் சின்னமுத்து ஊசியோ போலியோச் சொட்டோ கொடுப்பதால் தீங்கில்லை. பீ.சீ.ஜீ. ஊசிக்கோ தோளிலிருக்கும் தழும்பே சாட்சி. எந்தத் தாளும் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சிறு வடுதான் சான்றிதழ்.

போரின் நடுவிலும் ஒரு வேலை நிற்கவில்லை. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து, போலியோச் சொட்டு கொடுக்கும் தேசிய தினங்களில் இரு தரப்பும் துப்பாக்கியை ஓயவைத்தன. அந்த நாட்களுக்கு "அமைதி நாட்கள்" என்று பெயர். இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993 இல். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியத்தோடு சேர்த்து இலங்கையும் போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் பிள்ளைகளின் வாயில் விழும் இரண்டு சொட்டில் ஒத்துப்போனார்கள்.

பயமும் பதிலும்

பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2008 ஜனவரியில் அறிமுகமான ஐங்கூட்டு ஊசி, சில குழந்தைகளின் மரணங்களைத் தொடர்ந்து ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2009 இன் தொடக்கத்தில் மாத்தறையில் றுபெல்லா ஊசி போட்ட ஒரு மாணவி இறந்தார். அந்தச் செய்தி வந்த வாரங்களில் தன் மகளின் கையை நீட்டத் தயங்கிய தாயை நாம் எப்படிக் குறை சொல்வது? ஆனால் அப்போது நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஐங்கூட்டு ஊசியை நிறுத்திய நாளில் பழைய முக்கூட்டு ஊசியை நிறுத்தவில்லை. மரணங்களை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஊசிதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று தெளிந்த பிறகு, 2010 இல் அது மீண்டும் வந்தது.

பசிபிக்கிலுள்ள சமோவாவில் 2018 இல் தாதியரின் தவறான கலவையால் இரண்டு குழந்தைகள் ஊசிக்குப் பின் இறந்தன. அங்கே ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது. மீண்டும் தொடங்கியபோது மக்களின் நம்பிக்கை திரும்பவில்லை. 2019 இல் சின்னமுத்து பரவி 83 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அதே ஆண்டில்தான் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாகச் சான்று பெற்றது. ஆனால் அதுவும் நிலையான சொத்தல்ல. 2023 இல் சின்னமுத்து இலங்கைக்குத் திரும்பி வந்தது.

மார்க்கத்தின் பேரிலும் கேள்விகள் உண்டு. சில ஊசிகளில் சேரும் ஜெலற்றின் ஹலாலா என்று நம் முஸ்லிம் சகோதரிகள் கேட்பார்கள். 1995 இல் குவைத்தில் கூடிய அறிஞர்கள், மூலப்பொருள் முற்றாக மாறிவிட்ட நிலையில் அது ஆகுமானது என்று தெளிவுபடுத்தினார்கள். றுபெல்லா வைரசை வளர்க்கும் கலங்களின் மூலத்தைப் பற்றிக் கத்தோலிக்கத் தாய்மார் கேட்பார்கள். வத்திக்கானின் வாழ்வுக்கான கழகம் 2005 இல் இதை ஆராய்ந்து, வேறு ஊசி இல்லாதவிடத்து பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் காப்பதற்கு அதைப் பயன்படுத்தலாம் என்றது. கேட்கத் தகுந்த கேள்விகள்தான் இரண்டும். பதில்களும் கேட்டவர்களின் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே வந்தன.

கடல் கடந்த அட்டை

இன்று நம் பழைய மாணவிகள் பலர் பாடசாலைப் படிவங்களை வேறு நாடுகளில் நிரப்புகிறார்கள். ஒன்ராறியோவில் பிள்ளையின் ஊசி விபரத்தைச் சுகாதாரப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாடசாலையிலிருந்து 20 நாட்கள் வரை இடைநிறுத்தலாம். மருத்துவ விலக்கும் உண்டு, மனச்சாட்சி அல்லது மதத்தின் பேரில் சத்தியக்கடதாசி கொடுத்துப் பெறும் விலக்கும் உண்டு. அவுஸ்திரேலியா மனச்சாட்சி விலக்கை 2016 முதல் நீக்கி, ஊசி போடாத பிள்ளையின் குடும்பத்துக்கு அரசாங்கக் கொடுப்பனவைக் குறைத்தது. பிரான்சில் 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 11 ஊசிகள் கட்டாயமாக்கப்பட்டன. ஜேர்மனியில் 2020 மார்ச் முதல் சின்னமுத்து ஊசிச் சான்று இல்லாமற் பாலர் நிலையத்தில் சேர்க்க முடியாது. பிரித்தானியாவில் ஒரு காலத்தில் தெருவில் இறங்கிப் போராடிய கட்டாயம் இன்று அறவே இல்லை.

இங்கே நம் தாய்மார் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, றுபெல்லா மூன்றுக்குமான ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. கனடாவிலோ முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் ஒன்றும் தவறாமல் போட்டு, அட்டையையும் பத்திரமாகக் கொண்டுபோன தாய்க்கு "உங்கள் பிள்ளையின் ஊசி முழுமையாகவில்லை" என்று கடிதம் வரும். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாடுகளின் கணக்கு வேறு. இலங்கையில் கைக்குழந்தைக்கு நோய் வரும் ஆபத்தை எண்ணி முந்திப் போடுகிறார்கள். இன்னொரு தரம் போட்டால் விஷயம் முடிந்தது. கொப்புளிப்பான் ஊசி போல நம் தேசிய அட்டவணையில் இல்லாத சிலவும் அங்கே கேட்கப்படும். அட்டை தொலைந்திருந்தால், பிறந்த ஊரின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மிஸ்ஸியின் பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஊரில் இருக்கும் சகோதரி ஒருத்தி ஒரு காலை நேரத்தைச் செலவிட்டால் போதும்.

விலக்கு யாருக்கு

உண்மையான மருத்துவ விலக்குக்கு உரியவர்கள் மிகச் சிலரே. முன்னைய ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எந்த ஊசியைத் தவிர்ப்பது, எதை வைத்தியசாலையிற் கண்காணிப்போடு போடுவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். தடிமனும் இலேசான காய்ச்சலும் மெலிவும் விலக்குக்குக் காரணங்கள் அல்ல. தள்ளிப்போட்ட ஊசிக்கு மறுதிகதி குறித்துக்கொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

ஊசி போட முடியாத அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைகளின் வகுப்பிலேதான் இருக்கிறாள். அவளுடைய அட்டையில் சில கட்டங்கள் கடைசிவரை வெறுமையாகவே இருக்கும். பக்கத்து வாங்குகளில் இருக்கும் பிள்ளைகளின் அட்டைகள் நிரம்பியிருந்தால்தான் அவளால் பயமில்லாமல் பள்ளிக்கூடம் வர முடியும். ஆகவே அவளுக்குக் கொடுக்கப்பட்ட விலக்கை மற்றப் பெற்றோர்தான் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சிலாவத்துறைக்கு மீண்டும் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். கிளினிக் நாளில் தாய்மார் அட்டையைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். மழைக்கு நனையாமலிருக்க என்பார்கள். 1990 ஐக் கண்ட குடும்பங்களுக்கு அதில் வேறு அர்த்தமும் உண்டு. இம்மலரை வாசிக்கும் சகோதரிகள், எந்த நாட்டில் இருந்தாலும், தங்கள் பிள்ளைகளின் அட்டையை ஒருதரம் எடுத்துப் பார்த்து, ஒரு பிரதி எடுத்து வேறொரு இடத்திலும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.